துப்பறியும் நாவலுக்கும் ஒரு விமர்சகர் வேண்டும்

தமிழில் ஒரு நாவலைப் பற்றிப் பேச்சு எழுந்தால், அது நல்ல நாவலா என்ற கேள்விக்கு முன்பே, அது எந்த வரிசையைச் சேர்ந்தது என்ற கேள்வி வந்து நிற்கும். துப்பறியும் நாவல், பேய்க்கதை, விஞ்ஞானக் கதை, குடும்ப நாவல் என்றால் ‘பொழுதுபோக்கு’ என்று ஓரமாக ஒதுக்கிவிடுகிறோம். மெதுவாக நகர்கிறது, வட்டார வழக்கில் எழுதப்பட்டிருக்கிறது, முடிவில் யாருக்கும் நல்லது நடக்கவில்லை என்றால் ‘இலக்கியம்’ என்று மரியாதையோடு எடுத்து வைக்கிறோம். முதல் வரிசையில் எவ்வளவு நுட்பம் இருக்கிறது, இரண்டாவது வரிசையில் எவ்வளவு சலிப்பு இருக்கிறது என்று பிரித்துப் பார்க்க யாருக்கும் பொறுமையில்லை. அண்மையில் வாசித்த, வெவ்வேறு வகைகளைச் சேர்ந்த சில நாவல்களை அருகருகே வைத்துப் பார்த்தால், இந்த ஏற்பாடு எவ்வளவு பலவீனமானது என்பது தெரிகிறது. வகை ஒரு நாவலின் தரத்தைத் தீர்மானிப்பதில்லை. ஒரு வகை வளர்கிறதா, தேங்குகிறதா என்பது பெரும்பாலும் அதை எவ்வளவு கறாராக வாசித்தோம் என்பதைப் பொறுத்தது. தமிழில் சரித்திர நாவல் வளர்ந்ததற்கும் துப்பறியும் நாவல் நின்ற இடத்திலேயே நின்றதற்கும் முக்கியக் காரணம் இதுதான் என்பது இக்கட்டுரையின் வாதம்.

முதலில் இமையத்தின் ‘செல்லாத பணம்’. 2020-ஆம் ஆண்டுக்கான சாகித்ய அகாதெமி விருது பெற்ற இந்த நாவலை யாரும் குற்ற நாவல் என்று அழைப்பதில்லை. ஆனால் அதன் நடுவில் இருப்பது ஒரு குற்ற நாவலின் கேள்விதான். பொறியியல் படித்த ரேவதி, வீட்டாரை மீறி ஆட்டோ ஓட்டும் ரவியைக் கல்யாணம் செய்துகொள்கிறாள். உடல் கருகிய நிலையில் ஜிப்மர் மருத்துவமனையின் தீக்காயப் பிரிவில் கிடக்கிறாள். அவளே கொளுத்திக்கொண்டாளா, அவன் கொளுத்தினானா? வேறோர் எழுத்தாளர் கையில் கிடைத்திருந்தால் இங்கே ஒரு இன்ஸ்பெக்டர் நுழைந்திருப்பார். இமையம் அந்தக் கேள்வியை அம்மா, அப்பா, அண்ணன், அண்ணி, புருஷன் என்று ஒவ்வொருவர் வாயிலும் போட்டுப் பார்க்கிறார். ஒவ்வொருவரும் சொல்லும் பதிலில் அவரவர் செய்த தவறுதான் தெரிகிறது. தீ வைத்தது யார் என்பதை நாவல் தீர்ப்பாகச் சொல்வதில்லை. ஆனால் அந்தப் பெண்ணை அந்தக் கட்டிலுக்குக் கொண்டுவந்து சேர்த்ததில் யாருக்கெல்லாம் பங்கு உண்டு என்பது வாசகருக்குத் தெரிந்துவிடுகிறது. மர்மத்தை எடுத்துக்கொண்டு, மர்மத்தை அவிழ்க்கும் கடமையை மட்டும் விட்டுவிட்ட எழுத்து இது.

இதே உத்தியின் மறுமுனையில் நிற்கிறது ஓரான் பாமுக்கின் ‘என் பெயர் சிவப்பு’. துருக்கியில் 1998-இல் வெளிவந்த இந்த நாவலை ஜி. குப்புசாமி தமிழுக்குக் கொண்டுவந்திருக்கிறார். 1591-ஆம் ஆண்டின் இஸ்தான்புல். சுல்தானின் ஓவியக்கூடத்தைச் சேர்ந்த ஒருவன் கொல்லப்பட்டுக் கிணற்றில் கிடக்கிறான். முதல் அத்தியாயத்தில் பேசுவது அந்தப் பிணம்தான். கொலைகாரன் சக ஓவியர்களில் ஒருவன். அவனைப் பிடிக்கக் கைரேகையோ ரத்தக்கறையோ உதவவில்லை. அவன் வரைந்த குதிரையின் மூக்குத் துவாரம்தான் துப்பு. தனக்கென்று ஒரு பாணி வைத்திருப்பது ஓவியனுக்குக் குறையா, பெருமையா என்ற விவாதமே துப்பறியும் கதையின் எலும்புக்கூடாக மாறிவிடுகிறது. இங்கே கொலைகாரன் யார் என்று கடைசியில் தெரிந்துவிடுகிறது. தெரிந்த பிறகும் நாவல் முடிந்துபோவதில்லை. ஐரோப்பியரைப் போலத் தனி மனித முகங்களை வரையத் தொடங்கினால் ஒரு மரபு என்னவாகும் என்ற கேள்வி நம்மிடமே தங்கிவிடுகிறது. துப்பறியும் கதையின் விதிகளை ஒன்று விடாமல் கடைப்பிடித்தே இதைச் செய்திருக்கிறார் பாமுக். 2006-இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தபோது, கொலைக்கதை எழுதியவர் என்ற காரணத்துக்காக யாரும் அவரை விலக்கி வைக்கவில்லை.

சுஜாதாவின் ‘கொலையுதிர் கால’த்தையும் ‘என் இனிய இயந்திரா’வையும் இந்த வரிசையில் வைத்து வாசிக்கலாம். முதலாவதில் நடக்கும் சம்பவங்களுக்குக் காரணம் பேயா, விஞ்ஞானமா என்பதில் கணேஷ் ஒரு பக்கமும் வசந்த் மறுபக்கமும் நிற்கிறார்கள். கணேஷின் விளக்கம் கச்சிதமாக இருக்கிறது. ஆனாலும் ஒரு சின்ன இடைவெளியை மூடாமல் விடுகிறார் சுஜாதா. பகுத்தறிவின் பக்கம் நின்றுகொண்டே பயத்தையும் கைவிட முடியாத படித்த வர்க்கத்தின் இரட்டை மனம் அந்த இடைவெளியில் தெரிகிறது. இரண்டாவது நாவலில், ஜீவா என்ற சர்வாதிகாரியின் ஆட்சியில் குழந்தை பெற்றுக்கொள்ளவே அனுமதி வாங்க வேண்டியிருக்கிறது. ஜீனோ என்ற இயந்திர நாய்க்குட்டிதான் அந்த நாட்டில் அதிகம் யோசிக்கும் ஜீவன். அடையாள எண், கண்காணிப்பு, சாதனத்தை நம்பி மனிதரைச் சந்தேகிப்பது என்று இன்றைய வாழ்க்கையின் பல கூறுகளை வெகுஜனப் பத்திரிகைத் தொடர் ஒன்றிலேயே எழுதிவிட்டார். இவற்றின் குறைகளையும் சொல்லத்தான் வேண்டும்: பெண் பாத்திரங்கள் பல இடங்களில் அலங்காரத்துக்கு நிற்கிறார்கள்; வாரக் கடைசி திருப்பத்துக்காகக் கதை சில இடங்களில் வளைக்கப்படுகிறது. இந்தக் குறைகளை அவை வெளிவந்த காலத்தில் யாராவது விரிவாகச் சொல்லியிருந்தால், அடுத்து வந்தவர்களுக்கு அது பாடமாக இருந்திருக்கும்.

சாகச நாவலுக்கு வருவோம். போர், உளவு, ஆள்மாறாட்டம், நடுக்கடல் புயல், கரந்தடிப் படை ஆகிய அத்தனையும் ஒரே நாவலில் இருக்கிறது என்றால் அதைச் சாகச நாவல் என்றுதானே சொல்வோம்? ப. சிங்காரத்தின் ‘புயலிலே ஒரு தோணி’ அப்படிப்பட்டதுதான். இரண்டாம் உலகப் போர்க்காலத்து மெடான், பினாங்கு, வட்டிக்கடைகள், இந்திய தேசிய ராணுவம் என்று ஓடும் கதை. தொங்கான் என்ற பாய்மரக் கப்பலில் செல்லும் பயணத்தில் புயல் வந்து மோதும் பகுதி, எந்த மொழியின் கடல் சாகசத்துக்கும் குறைந்ததல்ல. ஆனால் பாண்டியன் என்ற அந்த நாயகனுக்கு வெற்றி பெறுவதில் ஆசையில்லை. ஊர் நினைப்பு, பழைய இலக்கியப் பேச்சு, எதிலும் ஒட்டாத கேலி ஆகியவையே அவனைச் செலுத்துகின்றன. 1972-இல் புத்தகமாக வந்த இந்த நாவல் வெகுகாலம் கவனிக்கப்படாமல் கிடந்தது. சிங்காரம் மொத்தம் எழுதியது இரண்டு நாவல்கள்தான். சாகசக் கதை தேடியவர்களுக்கு இது கனமாகவும், இலக்கியம் தேடியவர்களுக்கு இது பரபரப்பாகவும் பட்டிருக்க வேண்டும். எந்த வரிசையில் வைப்பது என்று தெரியாததால் ஒரு பெரிய எழுத்தாளரைத் தவறவிட்டதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை.

இந்த நாவல்களுக்குள் பொதுவாக ஒன்று இருக்கிறது. ஒவ்வொரு வகைக்கும் அதற்கே உரிய ஒரு கேள்வி உண்டு. குற்ற நாவலின் கேள்வி, பொறுப்பு யாருடையது என்பது. பேய்க்கதையின் கேள்வி, நாம் எதை நம்ப மறுக்கிறோம் என்பது. விஞ்ஞானக் கதையின் கேள்வி, இன்று நாம் எடுக்கும் முடிவு எங்கே கொண்டுபோய் விடும் என்பது. சாகச நாவலின் கேள்வி, வீட்டை விட்டுப் போனவன் யாராகத் திரும்புகிறான் அல்லது ஏன் திரும்புவதில்லை என்பது. பலவீனமான எழுத்தாளர் இந்தக் கேள்விக்கு ஒரு விடையைத் தயாராக வைத்துக்கொண்டு, அதைக் கடைசிப் பக்கம் வரை ஒளித்துவைக்கிறார். விடை வெளிவந்ததும் நாவலுக்கு வேலை முடிந்துவிடுகிறது. தேர்ந்த எழுத்தாளர் விடையைக் கொடுத்தாலும் கொடுக்காவிட்டாலும் கேள்வியை நம்மிடம் விட்டுவிட்டுப் போகிறார். இந்தத் தராசில் நிறுத்தால், எத்தனையோ துப்பறியும் நாவல்கள் தேறாது என்பது உண்மை. அதே தராசில், ‘இலக்கிய நாவல்’ என்ற பெயரில் வரும் எத்தனையோ புத்தகங்களும் தேறாது. துயரத்தைத் தயாராக வைத்துக்கொண்டு கடைசிப் பக்கத்தில் நீட்டுவதும் ஒரு சூத்திரம்தான்.

சரித்திர நாவலின் கதை வேறு. கல்கி ‘பொன்னியின் செல்வ’னை 1950 முதல் 1954 வரை தொடராக எழுதினார். அவருக்கும் அவருக்குப் பின்வந்த சாண்டில்யனுக்கும் கிடைத்த வாசகர் கூட்டம் பெரியது. அதே அளவுக்கு எதிர்ப்பும் கிடைத்தது. ராஜாக்களும் ஒற்றர்களும் மட்டுமா சரித்திரம், உழுதவனும் நெய்தவளும் எங்கே, இது வரலாறா அல்லது வேஷம் கட்டிய காதல் கதையா என்று கேட்டுக்கொண்டே இருந்தார்கள். அந்தக் கேள்விகள் வீண்போகவில்லை. துபாஷி ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பை ஆதாரமாகக் கொண்டு, பிரெஞ்சுக்காரர் காலத்துப் புதுச்சேரியைப் பிரபஞ்சன் ‘மானுடம் வெல்லும்’, ‘வானம் வசப்படும்’ ஆகிய நாவல்களில் எழுதினார். இரண்டாவதற்கு 1995-இல் சாகித்ய அகாதெமி விருது கிடைத்தது. சு. வெங்கடேசனின் ‘காவல் கோட்டம்’ மதுரையின் பல நூற்றாண்டுக் கதையைக் களவும் காவலும் தொழிலாகக் கொண்டிருந்த மக்களின் பக்கமிருந்து சொன்னது. அதற்கு 2011-இல் அதே விருது. அரண்மனையிலிருந்து துபாஷியின் மேசைக்கும், அங்கிருந்து ஊர்க்காவலனின் கூரைக்கும் சரித்திர நாவல் இறங்கி வந்திருக்கிறது. எதிர்த்துக் கேட்கும் வாசகரை மனதில் வைத்துக்கொண்டு எழுதியதால் நடந்தது இது.

துப்பறியும் நாவலுக்கு இப்படி ஒரு வாசகர் வாய்க்கவே இல்லை. இத்தனைக்கும் அது தமிழில் மிகப் பழைய வகைகளில் ஒன்று. ஆரணி குப்புசாமி முதலியார், வடுவூர் துரைசாமி ஐயங்கார், ஜே.ஆர். ரங்கராஜு ஆகியோர் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே இதில் பெரும்புகழ் பெற்றவர்கள். பிறகு தமிழ்வாணனின் சங்கர்லால், 1968-இல் ‘நைலான் கயிறு’ தொடங்கிச் சுஜாதா, அடுத்து 1,500-க்கும் மேற்பட்ட நாவல்கள் எழுதிய ராஜேஷ்குமார், பட்டுக்கோட்டை பிரபாகர், சுபா. நடை மாறியது, வேகம் கூடியது, தொழில்நுட்பம் புகுந்தது. ஆனால் கொலை ஏன் நடக்கிறது என்பதற்கான பதில் பெரும்பாலும் சொத்து, சபலம், பழிவாங்கல் என்ற மூன்றுக்குள்ளேயே சுற்றியது. ஆணவக் கொலை, நில மோசடி, சிலைக் கடத்தல், காவல் நிலைய மரணம் என்று தமிழகத்தின் செய்தித்தாள்களில் தினமும் வரும் குற்றங்களுக்கு அங்கே இடம் குறைவு. அந்த இடத்தை மற்றவர்கள் நிரப்பினார்கள். சாதி மாறிக் கல்யாணம் செய்துகொண்ட தம்பதியைச் சுற்றி மெல்ல நெருங்கும் ஆபத்தைப் பெருமாள்முருகன் ‘பூக்குழி’யில் எழுதினார், அதன் ஆங்கில மொழிபெயர்ப்பு 2023-இல் சர்வதேச புக்கர் பரிசின் நெடும்பட்டியலில் இடம்பெற்றது. போலீஸ் அடியின் அனுபவத்தை மு. சந்திரகுமார் ‘லாக்கப்’பில் எழுதினார்; வெற்றிமாறனின் ‘விசாரணை’ அதிலிருந்து பிறந்தது. இந்தக் குற்றங்களை ஏன் தொடுவதில்லை என்று துப்பறியும் நாவலாசிரியர்களிடம் கேட்க ஒரு விமர்சகர்கூட இல்லாமல் போனதுதான் நஷ்டம்.

குடும்ப நாவலுக்கு நேர்ந்தது இன்னும் மோசம். அதை வாசித்தவர்களில் பெரும்பாலோர் பெண்கள் என்பதாலேயே, அது விமர்சனத்துக்குத் தகுதியற்றது என்று முடிவு கட்டப்பட்டது. லக்ஷ்மி, அநுத்தமா ஆகியோரின் நாவல்களை ‘மாமியார் மருமகள் கதை’ என்று ஒரே வாக்கியத்தில் தள்ளியவர்கள், அந்த வீடுகளுக்குள் பணம் யார் கையில் இருந்தது, படித்த பெண்ணுக்கு என்ன நேர்ந்தது என்பதை அந்த நாவல்கள் எப்படிப் பதிவு செய்தன என்று பார்க்கவில்லை. ராஜம் கிருஷ்ணன் உப்பளத் தொழிலாளர்களிடமே போய்ப் பார்த்துக் ‘கரிப்பு மணிகள்’ எழுதிய பிறகுதான், பத்திரிகைகளில் எழுதும் பெண்ணுக்கும் கள ஆய்வு செய்யத் தெரியும் என்று ஒப்புக்கொள்ள வேண்டியிருந்தது. 2004-இல் சல்மாவின் ‘இரண்டாம் ஜாமங்களின் கதை’ வந்தபோது, வீட்டுக்குள் நடக்கும் பெண்களின் பேச்சு மட்டுமே ஒரு பெரிய நாவலைத் தாங்கும் என்பது நிரூபணமானது. அதுவும் குடும்ப நாவல்தான். கல்யாணம், பிள்ளைப்பேறு, விதவையின் அறை, பக்கத்து வீட்டு வம்பு என்று அதே பொருள்களைக் கொண்டுதான் அது கட்டப்பட்டிருக்கிறது. வகையில் எந்த மாற்றமும் இல்லை, பார்வைதான் மாறியது.

இதற்கு எழும் முதல் ஆட்சேபம் இது: வகை நாவல்களில் விதிகள் அதிகம், விதிகளுக்குள் எழுதுபவர் கலைஞராக முடியாது. இதை மற்ற மொழிக்காரர்கள் சொன்னால்கூடப் பொறுத்துக்கொள்ளலாம், தமிழர்கள் சொல்லக்கூடாது. இன்ன நிலத்துக்கு இன்ன பொழுது, இன்ன மலர், இன்ன உரிப்பொருள், பேசுபவர் தலைவியா தோழியா செவிலியா என்பது வரை வகுத்துவைத்து, தலைவனுக்குப் பெயர்கூடச் சூட்டக் கூடாது என்று தடை போட்டு எழுதப்பட்டது நம் அகத்திணை மரபு. எந்தத் துப்பறியும் நாவலுக்கும் இத்தனை விதிகள் இல்லை. அந்தக் கட்டுக்குள் நின்றுதான் கபிலரும் ஔவையாரும் தனித்தனிக் குரலில் பேசினார்கள். வாசகர் எதை எதிர்பார்க்கிறார் என்று தெரிந்திருப்பது எழுத்தாளருக்குக் கிடைத்த வசதி. அந்த எதிர்பார்ப்பை எந்த இடத்தில் மீறுவது என்பதில்தான் அவர் திறமை இருக்கிறது. பெருமாள்முருகனின் ‘பூனாச்சி’ இதற்கு நல்ல உதாரணம். விலங்குக் கதை என்ற மிகப் பழைய, குழந்தைகளுக்குரியதாகக் கருதப்படும் வகையை எடுத்துக்கொண்டு, ஒரு வெள்ளாட்டுக் குட்டிக்குக் காது குத்திக் கணக்கில் சேர்க்கும் அரசாங்கத்தைப் பற்றி அவர் எழுதியிருப்பதை, நேரடி அரசியல் நாவலில் அவ்வளவு கூர்மையாக எழுதியிருக்க முடியாது.

இரண்டாவது ஆட்சேபம் வேகத்தைப் பற்றியது. மாதத்துக்கு மூன்று நான்கு நாவல் எழுதும் இடத்தில் தரத்தை எப்படி எதிர்பார்ப்பது? நியாயமான கேள்வி. ஆனால் இது சந்தையின் ஏற்பாடு, வகையின் குணம் அல்ல. தாஸ்தாயெவ்ஸ்கியின் ‘குற்றமும் தண்டனையும்’ 1866-இல் பத்திரிகைத் தொடராகத்தான் வந்தது. தி. ஜானகிராமனின் ‘மோகமுள்’ சுதேசமித்திரனில் வந்த தொடர். ஜெயகாந்தனின் ‘சில நேரங்களில் சில மனிதர்கள்’ தினமணி கதிரில் வந்த தொடர். 1972-இல் சாகித்ய அகாதெமி விருதும் பெற்றது. கெடுவுக்குள் எழுதுவது தரத்தைக் கெடுக்கும் என்பது உண்மைதான், ஆனால் அது எல்லா வகைக்கும் பொருந்தும். எழுதியதை வாசித்து, இது போன மாதத்துக் கதையேதான் என்று பகிரங்கமாகச் சொல்ல ஒருவர் இருந்திருந்தால், அந்த வேகமும் ஓரளவு கட்டுப்பட்டிருக்கும்.

மூன்றாவது ஆட்சேபம் கனமானது. க.நா.சு.வும் சுந்தர ராமசாமியும் இலக்கியத்துக்கும் வெகுஜன எழுத்துக்கும் இடையே சுவர் எழுப்பியது வீண் கர்வத்தால் அல்ல. அந்தச் சுவர் இல்லாவிட்டால் நல்ல எழுத்து மூழ்கிப்போயிருக்கும் என்பார்கள். இதில் முக்கால்வாசி உண்மை இருக்கிறது. சி.சு. செல்லப்பா 1959-இல் ‘எழுத்து’ பத்திரிகையைத் தொடங்கியபோது அதற்குக் கிடைத்தது சில நூறு வாசகர்கள். எதிரே லட்சக்கணக்கில் விற்கும் வார இதழ்கள். அகிலனுக்கு 1975-ஆம் ஆண்டுக்கான ஞானபீடம் கிடைத்தபோது சுந்தர ராமசாமி அதைக் கடுமையாக எதிர்த்து எழுத நேர்ந்தது. அந்தச் சூழலில் சுவர் ஒரு தற்காப்பு. ஆனால் இன்று வார இதழ்த் தொடர்களுக்கு அந்தப் பழைய செல்வாக்கு இல்லை. புத்தகக் கண்காட்சியில் கல்கியும் அசோகமித்திரனும் ஒரே பையில் போகிறார்கள். காப்பாற்ற வேண்டிய ஆபத்து நீங்கிய பிறகும் சுவர் மட்டும் நிற்கிறது. மேலும், சுவரை இடித்தால் எல்லாம் ஒன்று என்றாகிவிடும் என்பது தவறான பயம். எல்லாவற்றையும் ஒரே அளவுகோலால் அளக்க வேண்டும் என்பதுதான் இங்கே கேட்கப்படுகிறது. அப்படி அளந்தால் கழிபடுபவையே அதிகமாக இருக்கும்.

நாவலை எழுதுவது எழுத்தாளர்தானே, விமர்சகர் என்ன செய்துவிடுவார் என்றும் கேட்கலாம். விமர்சகர் நாவல் எழுதுவதில்லை, ஆனால் அடுத்த நாவலை யாருக்காக எழுத வேண்டும் என்பதை மாற்றுகிறார். எனவே சில காரியங்கள் உடனே செய்யத்தக்கவை. நாளிதழ்களின் நூல் அறிமுகப் பக்கம், மாதம் ஒரு குற்ற நாவலையோ விஞ்ஞான நாவலையோ குடும்ப நாவலையோ எடுத்து, அதன் வகைக்குள் அது புதிதாக என்ன செய்கிறது என்று எழுத வேண்டும், கதைச்சுருக்கம் போதாது. பல்கலைக்கழகத் தமிழ்த் துறைகள் ரங்கராஜு முதல் ராஜேஷ்குமார் வரையிலான நூற்றாண்டை ஆய்வுக்கு எடுக்க வேண்டும். விருதுக் குழுக்கள் வகையைக் காரணம் காட்டி ஒரு புத்தகத்தை முதல் சுற்றிலேயே தள்ளக் கூடாது. வாசகர்களுக்கு வேலை இன்னும் எளிது. அடுத்து ஒரு நாவலை முடித்ததும், அது எந்த வரிசையைச் சேர்ந்தது என்பதை மறந்துவிட்டு, கதையின் ரகசியம் தெரிந்த பிறகும் அதில் யோசிக்க ஏதாவது மிச்சம் இருக்கிறதா என்று மட்டும் கேளுங்கள். இருக்கிறது என்றால் நாலு பேருக்குச் சொல்லுங்கள். இல்லை என்றால், எவ்வளவு பெரிய பெயராக இருந்தாலும், அதையும் சொல்லுங்கள்.